தொட்டி கழுவிய நாள்: கேரவன் வாங்கிய புதியவர்களுக்கு ஒரு தண்ணீர் வழிகாட்டி

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூணைப் பார்த்தால் இரண்டு வரிகள் எழுதியிருப்பார்கள்: தொட்டி கழுவிய நாள், அடுத்துக் கழுவ வேண்டிய நாள். அந்தத் தேதி பழையதாகக் கிடந்தால் நின்று கேட்பவன் நான். ஆனால் என் கேரவனின் அடிவயிற்றில் இருக்கும் 120 லிட்டர் தொட்டியை எப்போது கழுவினேன் என்று வாங்கிய முதல் வருடத்தில் யாராவது கேட்டிருந்தால், சொல்வதற்கு என்னிடம் தேதி எதுவும் இல்லை.

அது ஓர் ஏப்ரல் மாதம். மூன்று வாரமாக வண்டி வீட்டுப் புளியமரத்தடியில் நின்றது. தொட்டியில் பாதித் தண்ணீர். மகளும் பேரனும் கோடை விடுமுறைக்கு வந்ததும், இருந்த தண்ணீரின் மேலேயே இன்னும் கொஞ்சம் நிரப்பிக்கொண்டு ஒகேனக்கல் கிளம்பிவிட்டோம். மறுநாள் காலை பல் துலக்கப் போன பேரன் வாயைக் கொப்பளித்துவிட்டு, “தாத்தா, தண்ணீர் மீன் தொட்டி மாதிரி நாறுகிறது” என்றான். பம்புக்கு முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றினேன். கம்பிவலை முழுவதும் ஆறிய கஞ்சியின் மேல் படியும் ஆடை போல ஒரு படலம். விரலால் தொட்டால் வழுக்கியது. தேய்த்தால் பழுப்பாக உருண்டது. அதில் ஓர் எறும்பின் தலையும் இரண்டு கால்களும் ஒட்டியிருந்தன. முந்தைய இரவு அந்த வலை வழியாக வந்த தண்ணீரில்தான் அவனுக்குப் பால் கலக்கிக் கொடுத்திருந்தோம்.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வண்டி வாங்குபவர்கள் படுக்கை, சோலார், ஏசி எல்லாவற்றையும் பத்து முறை விசாரிக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் தினமும் காலியாகித் தினமும் நிறைகிறது. வண்டித் தொட்டியில் அப்படி இல்லை. இருட்டு, வெதுவெதுப்பு, அசைவில்லாத தண்ணீர் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. நகராட்சிக் குழாயில் வந்த குளோரின் வெயில் காலத்தில் ஓரிரு நாளிலேயே வலு இழந்துவிடும். அதன் பிறகு தொட்டிச் சுவரிலும் குழாய்களின் உள்பக்கத்திலும் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலம் கட்டுகின்றன. மேலே நிற்கும் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். அந்தத் தெளிவை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அது தொட்டிக்குள் பிறப்பதில்லை, பூமியிலிருந்து வருகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

நான் சிரித்தால் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரியும். புகையிலை, வெற்றிலைப் பழக்கம் எதுவும் எனக்குக் கிடையாது. சிறுவயதில் குடித்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் அடையாளம் அது. இங்குள்ள பாறைகளில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் வெகுநாள் தங்கும் நிலத்தடி நீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல கிணறுகள் அதைத் தாண்டியவை. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டி, 2013இல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாக இரு மாவட்டங்களுக்கும் கொண்டு வருவது அந்தத் திட்டம்.

புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. குளோரின் போட்டால் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி, ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் சாதாரண கார்பன் வடிகட்டியில் விட்டாலும் பயன் இல்லை. கிருமிக்கு மருந்து உண்டு. இதற்கு நல்ல இடத்துத் தண்ணீரைத் தேடிப் பிடிப்பதுதான் வண்டிக்காரருக்குக் கைகூடும் வழி.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சுற்றுலா வந்த இடத்தில் இரண்டு நாள் போர் தண்ணீர் குடித்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பல்லில் கறை விழுவது பல் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், தொடர்ந்து குடிப்பவர்களுக்கு. எலும்பையும் மூட்டையும் அது பிடிப்பது பல வருடங்கள் குடித்த பிறகு. ஆனால் கேரவனிலேயே மாதக்கணக்கில் வாழ்பவர்களும், சின்னப் பிள்ளைகளோடு அடிக்கடி இந்தப் பக்கம் வருபவர்களும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் கழிவறைக்கும் போர் தண்ணீர் போதும். தோல் வழியாக அது உடம்பில் ஏறாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீர். சமையலை மறந்துவிடாதீர்கள். சோறும் பருப்பும் எவ்வளவு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்பது உலை வைத்தவர்களுக்குத் தெரியும்.

பாலக்கோடு போகும் வழியில் ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில் நான் ஓஸைச் சொருகப் போனபோது, களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து, “கண்ணு, இது துணி துவைக்கிற தண்ணீர். குடிக்க வேண்டும் என்றால் ஊருக்குள் போ, கோயிலுக்குப் பக்கத்தில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது” என்றார். எந்தச் செயலியும் எனக்கு அதைச் சொல்லியிருக்காது. ஆகவே முதல் படி இதுதான். நிரப்புவதற்கு முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம், “இது போர் தண்ணீரா, ஒகேனக்கல் தண்ணீரா?” என்று கேளுங்கள். தருவது யார், பஞ்சாயத்துக் குழாயா, தனியார் கிணறா என்பதையும் கேட்டுக்கொண்டு அனுமதி வாங்கி எடுங்கள். வெயில் காலத்தில் ஊர்க்காரர்களே குடத்தோடு வரிசையில் நிற்கும் குழாயில் 120 லிட்டர் பிடிப்பது நியாயம் இல்லை. அங்கே ஒரு கேன் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

டிராக்டர் டேங்கரில் வரும் தண்ணீர் பெரும்பாலும் ஏதோ ஒரு கிணற்றில் ஏற்றியதுதான். டேங்கரைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்பது அதை ஓட்டுபவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதைக் குளிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றிலும் அணையிலும் நேரடியாக எடுக்கவே எடுக்காதீர்கள். ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒகேனக்கல்லில் காவிரி எவ்வளவு அழகாக விழுந்தாலும், அது சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வரும் வரை குடிநீர் ஆகாது.

நிலையாக ஓரிடத்தில் வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். பாட்டிலில் எப்படி எடுத்து வர வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் சொல்லும் சுத்தமான பாட்டில் வேண்டும். பழைய குளிர்பான பாட்டிலில் கொண்டுபோனால் பாட்டிலில் இருந்த கிருமியைத்தான் எண்ணித் தருவார்கள்.

எங்கள் வண்டியில் இப்போது இரண்டு ஏற்பாடு. அடித்தொட்டி கழுவ, குளிக்க. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் இரண்டு, அவற்றுக்குத் தனியாக ஒரு சின்னக் கைப்பம்பு. கடையில் கேன் வாங்கினால் மூடியில் சீல், நிரப்பிய தேதி, உரிம எண் மூன்றையும் பாருங்கள்; வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கேன் வேண்டாம். கைப்பம்பின் குழாயையும் மறக்காமல் கழுவ வேண்டும். கேனுக்குள் இறங்குவது அதுதான்.

ஓஸும் மூடியும்

நிரப்பும் ஓஸ் என்பது தொட்டியின் நீட்சி. செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும் பச்சை ஓஸை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெயிலில் கிடந்தால் அதன் ரப்பர் வாடை தண்ணீரில் இறங்கும். குடிநீருக்கென்று விற்கும் உணவுத் தர ஓஸ் பத்து மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கழிவுநீர்த் தொட்டியைக் கழுவ வேறு நிறத்தில் வேறு ஓஸ். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. என் மருமகன் ஒரு முறை அவசரத்தில் கழிவறைப் பக்கத்து ஓஸை எடுத்துக் குழாயில் சொருகிவிட்டார். முழுத் தொட்டியையும் வடித்துக் கழுவ வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் ஒன்றுக்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு என்று டேப் சுற்றினேன்.

குழாயைத் திறந்து ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். குழாயின் வாயைச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஓஸின் முனை மண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பி முடிந்ததும் ஓஸுக்குள் நிற்கும் தண்ணீரை உதறி வடித்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று கோத்து மூடி, பைக்குள் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை நிரப்பும்போது பத்து நாள் ஊறிய தண்ணீர்தான் முதலில் உள்ளே போகும்.

தொட்டிக்கு மூடி தவிர ஒரு காற்றுக் குழாய் இருக்கும். தண்ணீர் ஏறும்போது காற்று வெளியேற அது வேண்டும். அதன் வாயில் வலை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். என் எறும்புகள் அந்த வழியாகத்தான் வந்திருந்தன. அதைவிடப் பெரிய கவலை கொசு. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. ஒன்றரை வாரத்துக்குள் முட்டை கொசுவாகிவிடும். கொசு நுழையாத நெருக்கமான துருவேறா வலையை வைத்து, கிளிப்பால் இறுக்குங்கள். செலவு மிகக் குறைவு.

கழுவும் முறை

புதிதாக வண்டி வாங்கியதும் ஒரு முறை, பழைய வண்டி என்றால் கட்டாயமாக ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வண்டி இரண்டு மூன்று வாரம் நின்றுவிட்டால் கிளம்புவதற்கு முன் ஒரு முறை. வெயில் காலத்தில் தொடர்ந்து ஓடுபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்வது நல்லது. மாலையில் தொடங்கினால் இரவு முழுவதும் ஊற விட்டுக் காலையில் முடித்துவிடலாம்.

கீசரை அணைத்து, ஆற விட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரை வடியுங்கள். சூடாக இருக்கும்போது வடிகுழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். பிறகு கார்பன் வடிகட்டிக்குள் இருக்கும் கட்டையை (கார்ட்ரிட்ஜ்) வெளியே எடுத்துவிடுங்கள். ஆர்.ஓ. கருவி இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அதன் சவ்வை இந்த அளவு குளோரின் தின்றுவிடும். பம்புக்கு முன்னால் உள்ள வலையைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து மாட்டுங்கள். குழாய் முனைகளில் இருக்கும் சின்னச் சல்லடைகளையும் அப்படியே.

தொட்டியை முழுவதும் வடித்துவிடுங்கள். கை நுழையும் அளவு மூடி இருந்தால் உள்ளே மென்மையான துணியால் துடைக்கலாம். கம்பி நார் போடாதீர்கள். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் படலம் அடுத்த முறை அந்தக் கீறலில்தான் வேர் பிடிக்கும். கை நுழையாத தொட்டி என்றால் கால் பங்கு தண்ணீர் விட்டு, பக்கத்துத் தெரு வரை வண்டியை ஓட்டித் திரும்புங்கள். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் உள்ளே நன்றாக அலசப்படும். வடித்துவிட்டு மறுபடியும் ஒரு முறை. வெளியே வரும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். முதல் வாளியில் வண்டல் இறங்குவதைப் பார்த்தால், ஏன் கழுவ வேண்டும் என்ற கேள்வி போய்விடும்.

இப்போது குளோரின். மணமும் நிறமும் சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் வாங்குங்கள். எலுமிச்சை வாசனை, பூ வாசனை, சோப்பு நுரை கலந்த தரை கழுவும் திரவங்கள் தொட்டிக்குள் போகவே கூடாது. 5 சதவீதத் திரவம் என்றால் கணக்கு எளிது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி. 100 லிட்டர் தொட்டிக்கு 100 மில்லி, என் 120 லிட்டருக்கு 120 மில்லி. அப்போது லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும். 10 சதவீதத் திரவம் என்றால் அதில் பாதி. இந்தத் திரவம் வைக்க வைக்க வலு குறையும் என்பதால் புதிதாக வாங்கியதைப் பயன்படுத்துங்கள்.

பிளீச்சிங் பவுடர்தான் கிடைக்கிறது என்றால் அதிலும் செய்யலாம். புதிய பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின். திறந்து வைத்ததில் குறைவு. 100 லிட்டருக்கு 20 கிராம் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு ஐந்து லிட்டர் வரை தண்ணீர் சேர்த்துக் கலக்கி அரை மணி நேரம் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுங்கள். அடியில் இருப்பது சுண்ணாம்பு. அது பம்புக்குள் போனால் பம்பு போய்விடும்.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிக்காற்றில் நின்று செய்யுங்கள். இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குளோரினோடு வினிகர், எலுமிச்சை உப்பு, கழிவறை கழுவும் அமிலம், அம்மோனியா கலந்த திரவம் எதையும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கேரவனைப் போன்ற அடைத்த சின்ன இடத்தில் அது உயிரையே எடுத்துவிடும். உப்புப் படிவைக் கரைக்க அமிலம் போட வேண்டும் என்றால் அதை வேறொரு நாள், தொட்டியை முழுவதும் அலசிய பிறகு செய்யுங்கள்.

குளோரினை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றி, அதன் மேல் தண்ணீரை நிரப்புங்கள். காற்றுக் குழாய் வழியாக வழியும் வரை நிரப்ப வேண்டும். அப்போதுதான் மேல்சுவரும் நனையும். பிறகு பம்பைப் போட்டு ஒவ்வொரு குழாயாகத் திறவுங்கள்: சமையலறை, கைகழுவும் இடம், ஷவர், கழிவறை, வண்டிக்கு வெளியே இருக்கும் குழாய். குளிர்ந்த பக்கம் தனியாக, சூடான பக்கம் தனியாக. நீச்சல்குள வாடை வரும் வரை ஓட விட்டு மூடுங்கள். வெளிக்குழாயை நான் முதல் முறை மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அதிலிருந்துதான் பழைய நாற்றம் வந்தது. ஓஸையும் இந்தத் தண்ணீரால் நிரப்பி முனைகளை மூடிவிடலாம்.

குறைந்தது நான்கு மணி நேரம் ஊறட்டும். ஓர் இரவு ஊறினால் இன்னும் நல்லது. அதற்கு மேல் நாள்கணக்கில் விடாதீர்கள். ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். குழாயின் மேல் “குடிக்காதே” என்று ஒரு காகிதம் ஒட்டி வையுங்கள். இரவில் தாகத்தோடு எழுந்து வரும் குழந்தைக்கு அது தெரியாது என்பதால், நான் பம்பின் ஸ்விட்சையும் அணைத்துவிடுவேன்.

காலையில் வடிக்கும்போது இடம் பார்த்து வடியுங்கள். ஏரிக்கரையிலும் கிணற்று மேட்டிலும் வாய்க்காலிலும் திறந்துவிடாதீர்கள். பாரூர் ஏரியில் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். 50 மில்லிகிராம் குளோரின் மீனைக் கொன்றுவிடும். கழிவுநீர்ச் சாக்கடை இருந்தால் அதில் விடுங்கள். இல்லையென்றால் திறந்த டிரம்மில் பிடித்து நல்ல வெயிலில் ஓரிரு நாள் வைத்து, வாடை முழுவதும் போன பிறகு மண் தரையில் ஊற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை நிரப்பி எல்லாக் குழாய்களையும் திறந்து அலசுங்கள். வாடை அடங்கியதும் கார்பன் கட்டையையும் ஆர்.ஓ. கருவியையும் மாட்டலாம். பழைய கட்டை நிறம் மாறியிருந்தால் புதியதைப் போட்டுவிடுங்கள்; கழுவிய தொட்டிக்கு அழுக்குக் கட்டையை மாட்டுவதில் பொருளில்லை.

வழியில் தினமும்

கழுவிய தொட்டியில் நிரப்பிய தண்ணீருக்கும் சிறிது குளோரின் வேண்டும். இது கழுவும் அளவு இல்லை, மிகக் குறைவு. தெளிந்த தண்ணீர் 100 லிட்டருக்கு 5 சதவீதத் திரவம் 4 மில்லி. மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, ஊசியை எறிந்துவிட்டு இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மூடியாலும் கரண்டியாலும் அளந்தால் அளவு தவறும். அரை மணி நேரம் கழித்து, மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதை அளக்கச் சின்னச் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து சில துளி விட்டால் நிறம் மாறும். பெட்டியில் உள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பயணத்தில் தினமும் காலை காபிக்கு முன் இதைச் செய்வது என் வேலை. நிறமே வரவில்லை என்றால் அன்று அந்தத் தண்ணீர் வாய்க்குப் போகாது. சிரிஞ்சு வேண்டாம் என்பவர்கள் குடிநீருக்கான குளோரின் மாத்திரைகளை உறையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்குப்படி போடலாம்.

கலங்கிய தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. மண்ணோடும் சேறோடும் சண்டையிட்டே தீர்ந்துவிடும். ஐப்பசி மழையில் குழாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். வாளியில் பிடித்து, பாட்டிமார் செய்தது போலத் தேத்தாங்கொட்டையை இழைத்துக் கலக்கித் தெளிய வைத்து, நான்காக மடித்த வேட்டியில் வடிகட்டி, பிறகு குளோரின் போடலாம். தேத்தாங்கொட்டை தண்ணீரைத் தெளிய வைக்குமே தவிர, அதை மட்டும் நம்பிக் குடிக்கக் கூடாது.

சித்திரை, வைகாசியில் நிரப்பிய தண்ணீரை மூன்று நாளில் தீர்த்துவிடப் பாருங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்ச்சியில் ஓரிரு நாள் கூடுதலாகத் தாங்கும். மீந்ததன் மேல் நிரப்பிக்கொண்டே போகும் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. முடிந்தவரை காலியாக்கி நிரப்புங்கள். பாதித் தொட்டியோடு தொப்பூர் கணவாய் இறங்குவதும் நல்லதல்ல. தண்ணீர் முன்னும் பின்னும் அலையடிப்பது பிரேக் போடும்போது தெரியும். 120 லிட்டர் என்பது 120 கிலோ.

கீசரில் வெதுவெதுப்பாகத் தண்ணீரைத் தேக்கி வைப்பது தவறு. 20 முதல் 45 டிகிரி வரையிலான சூட்டில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும். ஷவரின் சாரலை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் நிமோனியாவாக இறங்கும். கீசரை 60 டிகிரிக்கு ஏற்றிப் பயன்படுத்துங்கள், குளிக்கும்போது குளிர்ந்த தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். வண்டி சில நாள் நின்றிருந்தால், ஜன்னலைத் திறந்துவிட்டு ஷவரைத் தரையோடு பிடித்து இரண்டு நிமிடம் ஓட விட்ட பிறகு குளியுங்கள்.

வடிகட்டியைப் பற்றிச் சுருக்கமாக. கார்பன் வடிகட்டியைத் தொட்டிக்கு முன்னால் மாட்டாதீர்கள். அது குளோரினை உறிஞ்சிவிடுவதால் தொட்டிக்குள் காவல் இல்லாத தண்ணீர் போய்ச் சேரும். குடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில், கடைசியில் மாட்டுங்கள். ஆர்.ஓ. ஃபுளோரைடைக் குறைக்கும், உண்மை. ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பங்கைக் கழிவாகத் தள்ளும். 120 லிட்டர் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது என்பது என் அனுபவம். அந்த இடத்தில் இன்னொரு கேனை வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்தால் கிருமி இருப்பதைக் காட்டும் எச்.டூ.எஸ். பாட்டில் ஒன்று வண்டியில் இருக்கட்டும். கோடு வரை தண்ணீரை நிரப்பி மூடி வைத்தால், மலக்கழிவுக் கிருமி கலந்திருந்தால் ஓரிரு நாளில் கறுப்பாக மாறும். கறுத்துவிட்டால் மேலே சொன்ன முறையில் தொட்டியை மறுபடி கழுவுங்கள்.

வண்டியை நிறுத்தி வைக்கும்போது

பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே, அலுப்பாக இருந்தாலும், தொட்டியை வடித்துவிடுங்கள். வடிகுழாயைத் திறந்தே வைத்து, எல்லாக் குழாய்களையும் திறந்து, பம்பைச் சில நொடி ஓட்டி உள்ளே தங்கியதை வெளியேற்றுங்கள். ஷவர் குழாயைத் தாழ்த்தித் தொங்க விடுங்கள். தொட்டி மூடியைக் கழற்றி அந்த வாயில் வலைத் துணியைக் கட்டுங்கள். உள்ளே காய வேண்டும், பல்லியும் எலியும் போகக் கூடாது. கீசரையும் வடித்து, அதன் ஸ்விட்சில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். தண்ணீர் இல்லாத கீசரை யாராவது தெரியாமல் போட்டால் அது கருகிவிடும்.

எங்கள் வண்டியில் தொட்டியின் பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கர் பேனாவால் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறேன். தொட்டி கழுவிய நாள், அடுத்துக் கழுவ வேண்டிய நாள். போன முறை தேதியை எழுதியது பேரன்.